மெல்லிய ஒலிக்கும் பொத்தானை அழுத்துங்கள்

செவித்திறன் பரிசோதனைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒலி மிக மெல்லியதாகக் கேட்டாலும் உடனே பொத்தானை அழுத்துங்கள். தெளிவாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தால், இல்லாத குறை உங்கள் செவித்திறனைக் குறிக்கும் வரைபடத்தில் ஏறிவிடும். நாங்கள் தேடுவதே கேட்டும் கேட்காமலும் இருக்கும் அந்த விளிம்பைத்தான். கேட்டால் ஒலியின் அளவை 10 டெசிபல் குறைப்போம். கேட்காவிட்டால் 5 கூட்டுவோம். தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸ் முதல் உயர்ந்த சுருதியான 8000 ஹெர்ட்ஸ் வரை இப்படியே போகும்.

பிறகு காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் சிறு அதிர்வுக் கருவியை வைப்போம். ஹெட்போனில் மங்கலாகவும் எலும்பு வழியாக நன்றாகவும் கேட்டால், தடை வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கிறது. அழுக்கு, சீழ், செவிப்பறை ஓட்டை என்று மருத்துவர் தேடுவார். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் கோளாறு உட்செவியிலோ நரம்பிலோதான்.

இடையில் மறு காதில் இரைச்சல் விடுவோம். பதற வேண்டாம், அந்தக் காது குறுக்கே வந்து பதில் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். முதியவர்களை அழைத்து வருபவர்களே, தயவுசெய்து சைகை காட்டாதீர்கள்!