ஐ.நா. தீர்மானம் ஒன்றின் பின்னணி ஆவணங்களைத் தேடுவது எப்படி?

ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானம் ஒன்றைப் பற்றி முதன்முறையாகக் கட்டுரை எழுதும் மாணவர்கள் பலர், தீர்மானத்தின் வாசகத்தைத் தரவிறக்கியதும் தேடல் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். தீர்மானம் கடைசித் தாள் மட்டுமே. அதை யார் கொண்டுவந்தார்கள், எந்தச் சொல் இடையில் மாறியது, எந்த நாடுகள் ஒதுங்கி நின்றன என்பதெல்லாம் அதற்கு முந்தைய தாள்களில் இருக்கின்றன. அவற்றுக்கு நம்மை அழைத்துச் செல்வது, ஒவ்வோர் ஆவணத்திலும் அச்சிடப்பட்டிருக்கும் குறியீடு. இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவித்து 1971 டிசம்பர் 16 அன்று பொதுச் சபை நிறைவேற்றிய 2832ஆம் தீர்மானத்தை வைத்து, அந்த வழியைக் காட்டுகிறேன்.

படி 1: குறியீட்டைப் படியுங்கள்

ஆவணத்தின் முதல் பக்கத்தில், வலப்பக்க மேல் மூலையைப் பாருங்கள். குறியீடு, தேதி, மூல மொழி ஆகியவை அங்கே சிறிய எழுத்தில் இருக்கும். நம் தீர்மானத்தின் குறியீட்டில் ‘ஏ’, சாய்கோடு, ‘ஆர்இஎஸ்’, சாய்கோடு, 2832 ஆகியவை வரிசையாக வந்து, இறுதியில் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணில் 26 என்று இருக்கிறது. ‘ஏ’ என்றால் பொதுச் சபை. ‘ஆர்இஎஸ்’ என்றால் தீர்மானம். 26 என்பது கூட்டத்தொடரின் எண். பாதுகாப்பு கவுன்சிலின் ஆவணங்கள் ‘எஸ்’ என்றும், பொருளாதார சமூக கவுன்சிலின் ஆவணங்கள் ‘ஈ’ என்றும் தொடங்கும்.

இங்கே ஒரு மாற்றத்தை நினைவில் வைக்க வேண்டும். 1976இல் தொடங்கிய 31ஆம் கூட்டத்தொடரிலிருந்து ரோமன் எண் கைவிடப்பட்டு, கூட்டத்தொடரின் எண் முதலிலும் தீர்மானத்தின் வரிசை எண் அடுத்தும் வருகின்றன. பழைய தீர்மானத்தைப் புதிய முறையில் தட்டச்சு செய்து தேடினால் கிடைக்காது.

குறியீட்டின் நடுவிலும் வாலிலும் வரும் எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். ‘எல்’ என்பது பெரும்பாலும் வரைவைக் குறிக்கும். ‘பிவி’ என்பது பேசியதைச் சொல்லுக்குச் சொல் பதிந்த கூட்டக் குறிப்பு. ‘எஸ்ஆர்’ என்பது சுருக்கக் குறிப்பு. ‘ஆட்’ என்றால் சேர்க்கை, ‘கார்’ என்றால் பிழைதிருத்தம், ‘ரெவ்’ என்றால் முந்தையதற்குப் பதிலாக வந்த திருத்திய வடிவம். வரைவையும் அதன் திருத்திய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதைப் போலக் கற்றுத் தரும் பயிற்சி வேறு இல்லை என்பது என் கருத்து.

படி 2: ஆண்டு நூலிலிருந்து தொடங்குங்கள்

குறியீடு எதுவும் தெரியாத நிலையில், ஐ.நா. வெளியிடும் ஆண்டு நூலின் 1971ஆம் ஆண்டுத் தொகுதியை எடுங்கள். விவாதத்தின் சுருக்கம், தீர்மானத்தின் வாசகம், தொடர்புடைய ஆவணங்களின் குறியீடுகள் ஆகியவை அதில் ஒரே இடத்தில் கிடைக்கும். குறியீடுகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இனி அதுவே உங்கள் தேடல் பட்டியல்.

படி 3: மின்னூலகத்தில் தேடுங்கள்

நியூயார்க்கில் உள்ள டாக் ஹாமர்ஷோல்ட் நூலகத்தின் பங்களிப்போடு நடக்கும் ஐ.நா. மின்னூலகம் அனைவருக்கும் இலவசம். குறியீட்டை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அப்படியே இட்டுத் தேடுங்கள். சொற்களைக் கொண்டு தேடுவதாக இருந்தால், அக்காலத்துப் பெயர்களைப் பயன்படுத்த வேண்டும். இலங்கை 1972 மே 22 வரை ‘சிலோன்’ என்றே அழைக்கப்பட்டதால், 1971ஆம் ஆண்டின் தாள்களில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கும். பழைய தாள்கள் ஸ்கேன் செய்யப்பட்டவை என்பதால் எழுத்துகள் சரியாகப் பிடிபடாமலும் போகலாம்; குறியீட்டை நம்புவதே நல்லது. ஐ.நா.வின் ஆட்சி மொழிகள் ஆறு; தமிழ் அவற்றுள் இல்லாததால், ஆங்கில வடிவத்தையே நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

படி 4: வாக்குகளையும் உரைகளையும் எடுங்கள்

வாக்களிப்பு விவரங்களுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. நம் தீர்மானத்துக்கு ஆதரவாக 61 வாக்குகள் விழுந்தன. எதிர்ப்பு எதுவும் இல்லை. 55 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ‘எதிர்ப்பின்றி நிறைவேறியது’ என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகாது. ஆனால் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒதுங்கிய 55இல் இருந்தன என்ற முக்கியமான செய்தி மறைந்துவிடும். அதன் காரணத்தை அறிய, தீர்மானம் நிறைவேறிய 2022ஆம் முழு அமர்வின் ‘பிவி’ குறிப்பையும், பொருளை முன்னதாக விவாதித்த முதற்குழுவின் குறிப்புகளையும் படியுங்கள். முதற்குழுவின் ஆவணங்களில் ‘ஏ’க்கு அடுத்து ‘சி.1’ என்று இருக்கும். வாக்கெடுப்பு இல்லாமல் ஒருமனதாக நிறைவேறும் தீர்மானங்களுக்கு நாடுவாரிப் பட்டியல் இராது.

படி 5: அச்சுத் தொகுதிகளைக் கேளுங்கள்

இணையத்தில் கிடைக்காததை நூலகத்தில் தேடலாம். 1946 முதல் ஐ.நா. தன் ஆவணங்களைப் பல நாடுகளின் வைப்பு நூலகங்களுக்கு அனுப்பி வந்திருக்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகம் அவற்றுள் ஒன்று. நூலகரிடம் ‘இந்தியப் பெருங்கடல் பற்றி ஏதாவது’ என்று கேட்பதைவிட, ‘பொதுச் சபை, 26ஆம் கூட்டத்தொடர், 2022ஆம் அமர்வு’ என்று எழுதிய தாளை நீட்டுங்கள்.

படி 6: முன்னோக்கியும் செல்லுங்கள்

1972இல் நிறைவேறிய 2992ஆம் தீர்மானம் இந்தியப் பெருங்கடலுக்கென ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. அதன் ஆவணங்கள் ‘ஏ’, சாய்கோடு, ‘ஏசி.159’ என்று தொடங்கும். எடுக்கும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் எதிரே குறியீடு, தேதி, பத்தி எண் மூன்றையும் அப்போதே எழுதிக்கொண்டு, அந்த வரிசையை ஆண்டுவாரியாகப் புரட்டத் தொடங்குங்கள்.