இரண்டிலும் 3.4 கிகாஹெர்ட்ஸ்தான்: லேப்டாப் பிராசசரையும் சர்வர் பிராசசரையும் ஒப்பிடும்போது நடக்கும் தவறுகள்

இன்டெல் என்100-ஐ எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரியில் வந்த பிராசசர், 6 வாட், 4 கோர் (கணக்கிடும் தனித்தனி அலகு). விலை குறைந்த லேப்டாப்களிலும் கையடக்க மினி பிசிக்களிலும் இதை நிறையப் பார்க்கலாம். இதன் உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். இன்னொரு பக்கம் ஏஎம்டியின் சர்வர் பிராசசர் எபிக் 7742. 2019 ஆகஸ்டில் வெளியானபோது விலை 6,950 டாலர். 64 கோர், 128 த்ரெட் (ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் நடத்தும் இரண்டு வேலை வரிசைகள்), 225 வாட். இதன் உச்ச வேகமும் அதே 3.4 கிகாஹெர்ட்ஸ்தான். கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்துப் பிராசசரை எடை போடுபவர்களுக்கு இந்த ஜோடியைக் காட்டினால் போதும்.

அந்த 3.4 இரண்டு இடத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. எபிக்கில் சில கோர்களுக்கு மட்டும் வேலை இருக்கும்போது தொடக்கூடிய உச்சம் அது. 64 கோரும் முழுவீச்சில் ஓடும்போது ஏஎம்டி உறுதி சொல்வது 2.25 கிகாஹெர்ட்ஸ். அப்புறம், ஒரு கிளாக்கில் (கிகாஹெர்ட்ஸ் எண்ணும் ஒரு துடிப்பில்) எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் கோரின் வடிவமைப்பைப் பொறுத்து மாறும்.

அடுத்தது கோர் எண்ணிக்கை. 64-ஐ 4-ஆல் வகுத்து, ‘பதினாறு மடங்கு வேகம்’ என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே இதற்குக் கணக்கு சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கை ஒரே கோர்தான் செய்ய முடியும் என்று வையுங்கள். 4 கோரில் அது சுமார் 3.1 மடங்கு வேகமாகும். 64 கோரில்? சுமார் 8.8 மடங்கு. பத்தைத் தாண்ட வழியே இல்லை, ஆயிரம் கோர் போட்டாலும். சி++ மொழியில் எழுதிய ஒரு பெரிய புராஜெக்டை கம்பைல் செய்யும்போது (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும்போது) இதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் எல்லாக் கோர்களும் நிரம்பி வழியும். கடைசியில், துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்க்கர் வந்ததும் பல நேரம் ஒரே ஒரு கோர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், மற்ற 63-ம் வேடிக்கை பார்க்கும். அந்தக் கட்டத்தில், 17 வாட்டில் 4.8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் கோர் அல்ட்ரா 7 258வி போன்ற புது லேப்டாப் பிராசசர் எபிக் 7742-ஐ முந்திவிடும். ஆனால் ஒன்றையொன்று சாராத நூறு வேலைகள் வரிசையில் நின்றால் லேப்டாப்பால் பக்கத்தில்கூட வர முடியாது. ஆக, ஒரே வேலையா, பல வேலைகளா என்று கேட்காமல் தொடங்கும் ஒப்பீடு அங்கேயே பிழை.

பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) மதிப்பெண்ணிலும் இதே சிக்கல் உண்டு. கீக்பெஞ்ச் என்ற சோதனை மென்பொருளின் 5-ஆம் பதிப்பில் மல்டிகோர் சோதனை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி வேலை கொடுக்கும். 2023-இல் வந்த கீக்பெஞ்ச் 6 அதை மாற்றி, எல்லாக் கோர்களையும் ஒரே வேலையில் கூட்டாக இறக்குகிறது. சாதாரணப் பயனரின் கணினிக்கு அது நியாயமான முறைதான். சர்வர் பிராசசருக்கோ அதில் மதிப்பெண் சப்பென்று போய்விடும். இதை வைத்துக்கொண்டு ‘64 கோர் எல்லாம் வெறும் விளம்பரம்’ என்று எழுதுவதும், பழைய பதிப்பின் எண்ணையும் புதிய பதிப்பின் எண்ணையும் அருகருகே வைப்பதும் வீண் வேலை.

கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்), மெமரி விஷயத்தில் மொத்த எண் இன்னும் மோசமாக ஏமாற்றும். எபிக் 7742-இன் எல்3 (மூன்றாம் அடுக்கு) கேஷ் 256 எம்பி, என்100-இன் எல்3 வெறும் 6 எம்பி. ஆனால் அந்த 256 எம்பி ஒரே குவியலாக இல்லை. நான்கு நான்கு கோர்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 16 எம்பி கொடுத்திருக்கிறார்கள். ஒரு கோர் ‘என்னுடையது’ என்று கைவைக்க முடிவது அந்த 16-இல் மட்டும்தான். ஆகவே நான்கு கோர்களுக்கு 16 எம்பி, நான்கு கோர்களுக்கு 6 எம்பி என்று ஒப்பிடுவதே சரி. மெமரியில் எபிக்குக்கு டிடிஆர்4-3200 ரகத்தில் எட்டு சேனல் (தரவுப் பாதை), நொடிக்கு 204.8 ஜிபி. என்100-க்கு ஒரே சேனல், டிடிஆர்5-4800 போட்டால் 38.4 ஜிபி. கோருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: எபிக்கில் 3.2 ஜிபி, என்100-இல் 9.6 ஜிபி! எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் மெமரிக்கு அடித்துக்கொள்ளும் வேலைகளில் பெரிய பிராசசர் எதிர்பார்த்த அளவு ஏறாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட் கணக்குக்கு வருவோம். டிடிபி (குளிர்விப்பைத் திட்டமிடத் தயாரிப்பாளர் தரும் வாட் அளவு) என்று போட்டிருப்பது மின் மீட்டர் காட்டும் எண் அல்ல. இன்டெலின் லேப்டாப் பிராசசர் கோர் ஐ5-8250யு-வுக்கு 15 வாட் என்று எழுதியிருக்கும். ஆனால் லேப்டாப் தயாரிப்பாளர் அதை 10 வாட்டுக்கும் இறக்கலாம், 25 வாட்டுக்கும் ஏற்றலாம். டர்போவில் (தற்காலிக வேக ஏற்றத்தில்) சில நொடிகள் அதையும் தாண்டும். எனவே ஒரு நிமிடத்தில் முடியும் சோதனையில் கெத்தாகத் தெரியும் லேப்டாப், அரைமணி நேர வீடியோ என்கோடிங்கில் சூடேறி அடங்கிவிடும். சர்வர் பிராசசர் நாள் முழுக்க ஒரே சீராக ஓடுவதற்கென்றே செய்தது. சோதனையை எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்று சொல்லாத ஒப்பீட்டை நான் படிப்பதே இல்லை.

225 வாட் என்றதும் ‘மின்சாரத்தைக் குடிக்கும்’ என்பார்கள். 64-ஆல் வகுத்தால் கோருக்கு 3.5 வாட், 8250யு-வின் 15 வாட்டை நான்கால் வகுத்தால் 3.75. முழு வேலை இருக்கும்போது சர்வர் ஊதாரி இல்லை. சும்மா இருக்கும்போதுதான் பிரச்சினை. வீட்டில் ஒரு பழைய சர்வர், வேலையே இல்லாமல் 100 வாட் இழுத்தால் மாதம் 72 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட்.

கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வரில், இன்னொரு குழப்பம். ‘என் லேப்டாப்பில் 4 கோர், அங்கேயும் 4 விசிபியு, பிறகு ஏன் மெதுவாக ஓடுகிறது?’ பெரும்பாலான எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கிளவுட் மெஷின்களில் ஒரு விசிபியு என்றால் ஒரு த்ரெட், அதாவது பாதி கோர். அமேசானின் டி2 மைக்ரோவில் தொடர்ந்து கிடைப்பது அதன் ஒரே விசிபியுவில் 10 சதவீதம்தான், கிரெடிட் (சேர்த்து வைத்த கூடுதல் வேக ஒதுக்கீடு) தீர்ந்ததும் வேகம் அங்கே விழுந்துவிடும். லினக்ஸில் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளை கொடுத்தால் ஒரு கோருக்கு எத்தனை த்ரெட் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கடைசியாக, பெயர் மயக்கம். ‘சியான்’ (இன்டெலின் சர்வர் பிராசசர் வரிசை) என்றாலே லேப்டாப் பிராசசரை அடித்துத் துவைக்கும் என்ற நினைப்பில் வீட்டு மீடியா சர்வருக்காகப் பழைய சியான் ஈ5-2670 வாங்குகிறார்கள். 2012-இல் வந்தது, 8 கோர், 115 வாட். அதில் கிராபிக்ஸ் இல்லை, அதனால் வீடியோவை மாற்றும் வேலை முழுவதும் கோர்கள் தலையில் விழும். என்100-இலோ அதற்கென்று தனிச் சுற்று இருக்கிறது. அந்தச் சியானில் ஏவிஎக்ஸ்2-வும் (பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் கட்டளைத் தொகுப்பு) இல்லை. 2013-இல் வந்த அந்த வசதியை எதிர்பார்க்கும் மென்பொருள்கள் அதில் திறக்கவே மறுக்கலாம். பழைய சர்வர் வாங்கியே ஆக வேண்டும் என்றால், விற்பவரிடம் எல்எஸ்சிபியு வெளியீட்டின் படத்தைக் கேளுங்கள். வசதிகளைப் பட்டியலிடும் ஃபிளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ்2 இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.