தார் எஸ் சலாமில் குடியேறும் முன்: முதல் பயணத்தைத் திட்டமிடுதல்

தான்சானியாவில் வேலை உறுதியாகிவிட்டால், குடும்பத்தை அழைத்துச் செல்வதற்கு முன் ஒருமுறை தனியாகத் தார் எஸ் சலாமுக்குச் சென்று வீட்டையும் பள்ளியையும் பார்த்துவருவது நல்லது. அந்தப் பயணத்தைச் சுற்றுலாப் பயணிகள் விரும்பும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வைத்துக்கொண்டால், வெயில் தணிந்து சாலைகள் காய்ந்திருக்கும் இனிமையான நகரத்தை மட்டுமே பார்க்க நேரிடும். ஜூலை 7-ஐ ஒட்டி நடக்கும் ‘சபா சபா’ வணிகக் கண்காட்சியால் விடுதிகளிலும் நெரிசல் இருக்கும். வீடு தேடுபவர் ‘மசிகா’ எனப்படும் நீண்ட மழைக்காலத்தில், அதாவது மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் செல்வதே மேல் என்பது என் கருத்து. ம்சிம்பாசி ஆறு பெருகி ஜங்வானி அருகே மொரோகோரோ சாலை மூடப்படும்போது மேற்குப் புறநகர்களிலிருந்து வருபவர்கள் எப்படித் திண்டாடுகிறார்கள் என்பதையும், பார்க்கப்போகும் வீட்டின் தெருவில் தண்ணீர் தேங்குகிறதா என்பதையும் அப்போது நேரில் அறியலாம். தரகர் இவற்றைத் தாமாகச் சொல்லமாட்டார்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சாதாரண விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 50 டாலர். வீடு பார்க்க இது போதும், ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒருநாள்கூட அலுவலகத்தில் வேலை செய்யக்கூடாது. வேலைக்குத் தொழிலாளர் துறையின் பணி அனுமதியும், குடிவரவுத் துறை தரும் ‘பி’ வகை வதிவிட அனுமதியும் வேண்டும்; இரண்டுக்குமான ஏற்பாடுகளை நிறுவனம் தொடங்கிவிட்டதா என்று புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடிஸ் அபாபா அல்லது நைரோபி விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படும் என்பதையும் பயணச்சீட்டு எடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

சென்று இறங்கியதும் சிம் அட்டை வாங்குவதே முதல் வேலை. அதற்குக் கடவுச்சீட்டும் கைரேகைப் பதிவும் தேவை. எம்-பெசா போன்ற கைப்பேசிப் பணச் சேவைகள் இல்லாமல் அங்கே அன்றாடம் நகராது. அடுத்தது கடிகாரம். சுவாஹிலி பேசுவோர் சூரிய உதயத்திலிருந்து மணியை எண்ணுவதால், நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. வீட்டுக்காரர் ‘நான்கு மணிக்கு வாருங்கள்’ என்று சொன்னால் காலைப் பத்து மணியைக் குறிப்பிடுகிறாரா, மாலை நான்கைக் குறிப்பிடுகிறாரா என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். யாரிடமும் வணக்கம் சொல்லாமல் நேரே காரியத்தைப் பேசத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. வயதில் மூத்தவரைக் கண்டால் ‘ஷிகமோ’ என்று சொல்லுங்கள். அவர் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொண்ட பிறகே பேச்சைத் தொடங்குங்கள்.

வீடு பார்ப்பதற்குத்தான் பயணத்தின் பெரும்பகுதியை ஒதுக்க வேண்டும். நகர மையத்தை ஒட்டிய உபாங்கா இந்தியக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி. பக்கத்துப் பகுதியான கிசுட்டுவின் கோயில்களும் மளிகைக் கடைகளும் முஹிம்பிலி, ஆகா கான் மருத்துவமனைகளும் அருகிலேயே உள்ளன. அங்கே காதில் விழும் இந்திய மொழி பெரும்பாலும் குஜராத்தியாகவோ கட்ச் பகுதியின் கச்சி மொழியாகவோதான் இருக்கும். மசாகியும் ஆய்ஸ்டர் பேயும் தூதரக ஊழியர்களும் பன்னாட்டு நிறுவனத்தாரும் வாழும் இடங்கள், வாடகையும் அதற்கேற்ப உயரும். மிகோச்சேனியிலும் ம்பேசி கடற்கரைப் பகுதியிலும் விசாலமான வீடு கிடைக்கலாம்; ஆனால் பாகமோயோ சாலையின் காலை நெரிசலை அலுவலக நேரத்திலேயே ஒருமுறை பயணம் செய்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2016-இல் ஓடத் தொடங்கிய ‘ம்வெண்டோகாசி’ விரைவுப் பேருந்துகளுக்குத் தனித்தடம் உண்டு என்றாலும், உச்ச நேரக் கூட்டம் சென்னை மாநகரப் பேருந்துக்குச் சற்றும் குறையாது.

வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறையை விடத் தண்ணீர்த் தொட்டியை முதலில் பாருங்கள். கடலோரத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உப்பாக இருக்கும். மாநகரக் குழாய் இணைப்பு உண்டா, அது வராத நாளில் லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது என்பவற்றைக் கேளுங்கள். மின்சாரம் ‘லுகு’ என்ற, முன்கூட்டியே பணம் கட்டிப் பயன்படுத்தும் முறையில் வருவதால் உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் இருப்பது அவசியம். ஆறு மாதத்து வாடகையையோ ஓராண்டு வாடகையையோ மொத்தமாக முன்கூட்டியே கேட்பது அங்கே வழக்கம். இந்தச் செலவை நிறுவனத்திடம் முன்பே பேசிவைக்காதவர்கள் கைப்பணம் கரைந்து நிற்பார்கள். 2025-இல் வந்த விதிகளின்படி நாட்டுக்குள் விலையை வெளிநாட்டு நாணயத்தில் குறிப்பிடுவதும் பெறுவதும் தடைசெய்யப்பட்டுள்ளதால், வாடகை ஒப்பந்தம் ஷில்லிங்கில் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ‘ம்பாசி’ என்று கேட்டால் துவரை கிடைக்கும், ‘சொரோகோ’ பாசிப்பயறு, ‘ம்ச்சிச்சா’ கீரை. தேங்காய்ப்பால் சோறு அவர்களுக்கும் அன்றாட உணவு. கிவுகோனி மீன் சந்தைக்கு விடியற்காலையில் சென்று ‘ங்குரு’ கேட்பவருக்கு நம் வஞ்சிரம் கிடைக்கும். மலேரியா மட்டும் அலட்சியப்படுத்தக்கூடாதது: கொசுவலை, புறப்படும் முன் மருத்துவர் ஆலோசனையுடன் தடுப்பு மாத்திரை, காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை என்று பழகிக்கொள்ளுங்கள். தெருவில் நிற்கும் முன்பின் தெரியாத டாக்சியில் ஏறாமல் செயலி வழியாக வண்டி அழையுங்கள். தோள்பையைச் சாலைப்பக்கம் தொங்கவிடாதீர்கள். துறைமுகம், அரசு மாளிகை, படை முகாம் ஆகியவற்றைப் படமெடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பைகள் 2019 ஜூன் முதல் தடைசெய்யப்பட்டவை என்பதால் பெட்டியில் துணியைச் சுற்றிவைத்த பைகளையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வேலைகள் முடிந்து இரண்டு நாள் மிஞ்சினால் சான்சிபாருக்கு விரைவுப் படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஒரே நாடு என்றாலும் அங்கே கடவுச்சீட்டைக் கேட்பார்கள். 2024 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிகள் சான்சிபார் அரசின் 44 டாலர் பயணக் காப்பீட்டையும் தனியாக எடுத்தாக வேண்டும்.