பழைய பிரெஞ்சு எண்ணெய் விளக்கை இனங்கண்டு சுத்தம் செய்யும் முறை

மண்ணெண்ணெய் பரவுவதற்கு முன், பாரிஸ் நகரத்து வரவேற்பறைகளில் கோல்சா எண்ணெய் விளக்குகள் எரிந்தன. கடுகு இனத்துச் செடியின் விதையிலிருந்து எடுக்கப்படும் அந்த எண்ணெய் கெட்டியானது. திரியைப் பற்றி அதிக உயரம் ஏறாது. சுடரின் மட்டத்தில் பக்கவாட்டுக் கலம் ஒன்றை வைத்தால், அதன் நிழல் மேசையில் விழும். எனவே எண்ணெயை அடியில் வைத்து, அதை மேலே தள்ளும் இயந்திரத்தையும் விளக்கின் உடலுக்குள்ளேயே மறைத்தார்கள். பக்கவாட்டுக் கலம் நீங்கியதும், விளக்கு ஒரு பூச்சாடியின் வடிவத்தைப் பெற்று, பீங்கான் ஓவியருக்கும் வெண்கலக் கலைஞருக்கும் முழுமையாகக் கிடைத்தது. இயந்திரமும் அலங்காரமும் இப்படிப் பிணைந்தவை என்பதால், ஒன்றைத் தொடுவதற்கு முன் மற்றதையும் அறிந்திருக்க வேண்டும்.

முதல் படி, இயந்திரத்தை இனங்காண்பது. விளக்கை மெத்தென்ற துணிமேல் வைத்து, சாவித்துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது அடிப்பகுதியில் இருந்தால், பெரும்பாலும் கார்செல் விளக்கு. கடிகாரத் தொழிலாளியான கார்செல் 1800இல் காப்புரிமை பெற்ற இதில், கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற பல்சக்கரங்கள் சிறு பம்பை இயக்கும். அதன் சுடர் மிகச் சீரானது. மணிக்கு 42 கிராம் எண்ணெய் எரிக்கும் கார்செல் விளக்கின் ஒளியையே பிரான்சில் ஒளியின் அளவுகோலாக வைத்திருந்தார்கள்.

திரியை ஏற்றும் திருகுக்கு அருகில் இன்னொரு சாவி இருந்தால், அது 1830களில் பிரான்சோ என்பவர் வடிவமைத்த மாடரேட்டர் விளக்காக இருக்கலாம். சந்தையில் அதிகம் கிடைப்பது இதுவே என்பதால், இது வேலை செய்யும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாவியைத் திருப்பினால் பல்தண்டு உயர்ந்து, தோல் விளிம்பு கொண்ட பிஸ்டனை மேலே இழுத்து, அதன்மேல் உள்ள சுருள்வில்லை அழுத்தும். எண்ணெய் தோலின் ஓரமாக நழுவிப் பிஸ்டனுக்குக் கீழே வரும். பிறகு வில் மெல்ல விரியும்போது, பிஸ்டன் எண்ணெயை அழுத்திக் குழாய் வழியே திரிக்கு அனுப்பும். வில்லின் விசை தொடக்கத்தில் அதிகம், இறுதியில் குறைவு. இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டவே குழாய்க்குள் ஒரு மெல்லிய ஊசி இருக்கிறது. பிஸ்டன் இறங்க இறங்க ஊசி குழாய்க்குள் புதைந்திருக்கும் நீளம் குறைந்து, எண்ணெயின் வழி தளர்கிறது. கார்செல் விளக்கின் அத்தனை பல்சக்கரங்களின் வேலையை இங்கே ஒரு வில்லாலும் ஓர் ஊசியாலும் முடித்திருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

சாவி இறுகியிருந்தால் பலவந்தமாகத் திருப்பாதீர்கள். பழைய எண்ணெய் பிசினாக உறைந்து, அழுத்தப்பட்ட வில் உள்ளேயே சிக்கியிருக்கக் கூடும். அது திடீரென விடுபட்டால் விரலைக் காயப்படுத்தும். அப்படிப்பட்ட விளக்கைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. மண்ணெண்ணெயை ஒருபோதும் ஊற்றக் கூடாது. கெட்டியான எண்ணெய்க்காக அமைந்த இயந்திரம் அதை வழியவிட்டுத் தீ விபத்தை உண்டாக்கும்.

அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அலங்காரத்தைப் பாருங்கள். பொன்முலாம் பூசிய நல்ல வெண்கல இலையொன்றில், குழிந்த பகுதி மங்கலாகவும், மேடான நரம்பு அகேட் என்ற கடினமான கல்லால் தேய்க்கப்பட்டுப் பளபளப்பாகவும் இருக்கும். அந்த ஒளி வேறுபாடுதான் இலைக்கு உயிர். பழைய முறையில் பொன்னைப் பாதரசத்தில் கலந்து பூசி, நெருப்பில் பாதரசத்தை ஆவியாக்கினார்கள்; அந்த நச்சுப்புகை தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுத்தது. அடிப்பாகத்தில் தேய்ந்த இடம் மஞ்சளாகத் தெரிந்தால் வெண்கலம் அல்லது பித்தளை. சாம்பல் நிறமென்றால் மலிவான துத்தநாகக் கலவை.

சுத்தம் செய்ய உலர்ந்த மென்தூரிகையே பெரும்பாலும் போதும். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியோ பித்தளைப் பாலிஷோ போட்டால், மெல்லிய பொன்முலாம் அழிந்துவிடும். அதைத் திரும்பப் பெற முடியாது. பிசுக்கு இருந்தால், மென்சோப்பு கலந்த காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, முலாம் மீது ஒற்றி எடுத்து, உடனே உலர்த்துங்கள். வண்ணம் தீட்டிய தகரத்தில் நீர் படவே கூடாது. பீங்கான்மேல் உள்ள பொற்கோடுகளையும் தேய்க்காதீர்கள்.

பல விளக்குகள் பிற்காலத்தில் மண்ணெண்ணெய்க்கோ மின்சாரத்துக்கோ மாற்றப்பட்டிருக்கும். அடியில் வயருக்காகத் துளையிட்டிருந்தால் அது உடனே தெரியும். அப்போது கழன்று கிடைக்கும் ஊசி, பல்தண்டு, தோல் விளிம்பு எதையும் எறியாமல், துணியில் சுற்றி, விளக்கோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.