திருவையாற்று அசோகா: பதம் தப்பாமல் கிண்ட

தஞ்சை, கும்பகோணம் பக்கத்துக் கல்யாணங்களில் காலை டிபன் இலையில் பல வீடுகளில் முதலில் விழும் இனிப்பு, பயத்தம்பருப்பு அல்வாவான அசோகாதான். தீபாவளிக்கும் கிண்டுவார்கள். கோதுமை அல்வாவுக்கு மாதிரி ஊறவைத்து அரைத்துப் பாலெடுக்கும் வேலை கிடையாது. ஆனால் பருப்பு வேகாமல் போனால் எவ்வளவு நெய் ஊற்றினாலும் தேறாது.

பயத்தம்பருப்பு 200 கிராம், சர்க்கரை 400 கிராம், நெய் 200 மில்லி, கோதுமை மாவு 3 மேசைக்கரண்டி, முந்திரி 15, ஏலக்காய் 4, கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை.

பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை மட்டும் வறுங்கள். சிவந்தால் நிறம் மங்கிவிடும். கழுவி, இரண்டரை மடங்கு தண்ணீர் விட்டு, குக்கரில் 5 விசில். விரலால் நசுக்கினால் நடுவில் எதுவும் தட்டுப்படக் கூடாது. சர்க்கரை சேர்ந்தபின் பருப்பு மேற்கொண்டு குழையாது, அரைவேக்காடு கடைசிவரை நறநறவென்றே இருக்கும். சூடாக இருக்கும்போதே மத்தால் கடைந்துவிடுங்கள், ஆறினால் கட்டி தட்டும்.

அடிகனமான வாணலியில் கால் பங்கு நெய் விட்டு முந்திரியை வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் கோதுமை மாவைச் சிறுதீயில் வறுக்க வேண்டும். பச்சை வாசனை போய் மாவு நுரைத்து வரணும். இங்கே அவசரப்பட்டால் சாப்பிடும்போது மாவு வாசனைதான் முந்தும். பருப்பையும் சர்க்கரையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது இந்த மாவுதான். அதற்காக அளவைக் கூட்டினால் களியாகிவிடும்.

இனி மசித்த பருப்பைச் சேர்த்து, ஈரம் வற்றி நன்றாகக் கெட்டியான பிறகே சர்க்கரை. போட்டதும் இளகி ஓடும், பயப்பட வேண்டாம். கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றி, மிதமான தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். தெறிக்கும், நீளக் காம்புக் கரண்டி நல்லது. நெய்யை ஒரேயடியாகக் கொட்டாமல், ஊற்றியதை உள்வாங்கியபின் அடுத்த கரண்டி விடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் நெய் கசியும். அப்போதே ஏலப்பொடி, முந்திரி போட்டு இறக்குங்கள். ஆறும்போது இன்னும் இறுகும். துண்டு போடும் அளவுக்குக் கிண்டினால் அது அசோகா இல்லை. கரண்டியிலிருந்து வழுக்கி இலையில் விழ வேண்டும்.

மறுநாள் இறுகியிருந்தால் ஒரு கரண்டி வெந்நீரும் கொஞ்சம் நெய்யும் விட்டுச் சிறுதீயில் கிளறுங்கள், இளகிவிடும். பருப்புப் பண்டம் என்பதால் வெளியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.