சித்திரையில் அப்புத்தளை: மத்தியானத்துக்கு முன் முடித்துவிடுங்கள்

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி ஊருக்கு வருகிறவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கொழும்பில் இறங்குவார்கள், யாழ்ப்பாணத்தில் உறவுகளைப் பார்ப்பார்கள், நல்லூரில் ஓர் அர்ச்சனை செய்வார்கள். பிறகு பிள்ளைகள் வெக்கை தாங்காமல் முணுமுணுக்க, மூன்று நாள் மலைநாட்டுக்குப் போய்வரலாம் என்று முடிவாகும். மலைநாடு என்றவுடன் நுவரெலியாவுக்குத்தான் வாகனம் திரும்பும். ஏப்ரலில் அதைச் செய்யாதீர்கள் என்பதே என் முதல் யோசனை. அது அங்கே 'சீசன்' காலம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கொழும்பிலிருந்து வரிசைகட்டும் கார்கள், கேட்டவுடன் மயக்கம் தரும் அறை வாடகை. குளிர்காற்றைத் தேடிப் போய் வாகனப் புகையில் நிற்பீர்கள்.

அதே ரயில் பாதையில் இன்னும் கொஞ்சம் தள்ளி அப்புத்தளை இருக்கிறது. பதுளை மாவட்டம், கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்குச் சற்று மேல். ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் நிலையம், ஊரின் நடுவே ஓடும் தண்டவாளம். ரயில் இல்லாத நேரத்தில் அந்தத் தண்டவாளம்தான் பலருக்கு நடைபாதை. கடைகளில் தமிழ் தாராளமாகக் கேட்கும். பார்க்க வேண்டியவை என்று பட்டியல் போட்டால் அரைப்பக்கம் தாண்டாது. அதுவே இந்த ஊரின் நல்ல குணம்.

ஆனால் இங்கே வானத்தோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாக வேண்டும். அப்புத்தளை ஒரு மலைமுகட்டின் மேல் இருக்கிறது. தெற்கே பார்த்தால் தரை சட்டென்று இறங்கிவிடும். கீழே வெல்லவாய, அம்பாந்தோட்டைப் பக்கத்துச் சமவெளி விரிந்து கிடக்கும். தெளிந்த காலையில் கடல்விளிம்புகூடத் தெரியும். வடக்கே திரும்பினால் ஊவாவின் மலைகளும் தேயிலைச் சரிவுகளும். மார்ச், ஏப்ரல் மாதங்கள் வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேல் பருவக்காற்று இன்னும் தொடங்காத இடைவெளி. காற்றை இழுத்துப்போக ஆள் இல்லாத காலம் என்பதால் உள்ளூர் வெயிலே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காலையில் தரை சூடேறும். ஈரக்காற்று சரிவுகளில் மேலேறும். கரையிலிருந்து கடற்காற்றும் உள்நோக்கி வந்து சேரும். ஏறிய காற்று குளிர்ந்து முகிலாகி, பிற்பகலில் இடியோடு கொட்டிவிடும். முகட்டில் இருக்கும் ஊர் என்பதால் மழைக்கு முன்பே தெற்குச் சரிவிலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து கடைத்தெருவை மூடுவதும் உண்டு. பத்து நிமிடத்துக்கு முன் தெரிந்த மலை காணாமல் போயிருக்கும்.

இதனால் கைத்தொலைபேசியின் வானிலைச் செயலியை நம்பிப் பயனில்லை. அது இந்த மாதங்களில் ஏழு நாளுக்கும் இடிமின்னல் படத்தைப் போட்டுவைத்துவிட்டுச் சும்மா இருக்கும். படம் பொய்யில்லை, நேரத்தைச் சொல்லாததுதான் குறை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த அறிக்கையைத் தமிழிலேயே பார்க்கலாம். பிற்பகல் ஒரு மணிக்குப் பின், இரண்டு மணிக்குப் பின் என்று அதில் இருக்கும் நேரக் குறிப்புத்தான் உங்களுக்குத் தேவையானது. அதைவிட நம்பகமானது விடுதிக்காரரிடமோ ஓட்டோ சாரதியிடமோ காலையில் கேட்கும் ஒரு கேள்வி. "அண்ணே, இன்றைக்கு எத்தனை மணிக்குப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். மழை வருமா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஆக, வெளிவேலை எல்லாம் மத்தியானத்துக்கு முன். லிப்டன் சீட் என்னும் மலையுச்சிக் காட்சிமுனைக்குப் போவதென்றால் விடியற்காலையில் புறப்பட வேண்டும். தம்பதென்ன தேயிலைத் தொழிற்சாலை வரை தோட்டத்துப் பஸ் போகும். 1890இல் தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் கட்டுவித்த தொழிற்சாலை அது. அங்கிருந்து உச்சிக்குத் தேயிலை மலைகளுக்கு நடுவே ஏழு கிலோமீற்றர் அளவில் ஏற்றம். ஓட்டோவில் மேலே போய் நடந்து இறங்குவதுதான் புத்திசாலித்தனம், முக்கியமாக வயதான அம்மா அப்பா கூட இருந்தால். ஒன்பது, பத்து மணிக்கு மேல் போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கும் இதே கணக்கு, இன்னும் கண்டிப்பாக. வாயில் ஆறு மணிக்குத் திறக்கும்போது அங்கே நின்றால்தான் 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறைமுனையின் பள்ளத்தைக் காண முடியும். அங்கே பையைச் சோதித்து, தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூட உரித்துவிடுவார்கள். நுழைவுக் கட்டணத்தில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தமிழில் உரிமையோடு பேசுவதால் கட்டணம் குறையாது. இரட்டைக் குடியுரிமையும் தேசிய அடையாள அட்டையும் உள்ளவர்கள் அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

சில நாள் இந்தக் கணக்கு எல்லாம் பொய்த்துப்போகும். காலை எட்டு மணிக்கே பனி இறங்கி மாலைவரை அசையாது. அப்படிப்பட்ட நாளில் அப்புத்தளையில் உட்கார்ந்து வானத்தைத் திட்ட வேண்டாம். பஸ் ஏறி, ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் தள்ளியுள்ள பண்டாரவளைக்கு இறங்குங்கள். அது கொஞ்சம் தாழ்வான, கொஞ்சம் காய்ந்த ஊர். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அல்லது ஊரிலேயே ஆதிசம் பங்களாவுக்குப் போகலாம். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல்வீடு, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியிலும் பாடசாலை விடுமுறையிலும் பார்க்க விடுவார்கள். மழையில் நனைந்த கல் அதற்குப் பொருத்தமாகவே இருக்கும்.

மின்னலை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். ஏப்ரல், இலங்கையில் மின்னல் அதிகம் விழும் மாதங்களில் ஒன்று. தேயிலைச் சரிவில் உங்களைவிட உயரமாக இருப்பது ஒன்றிரண்டு நிழல்மரங்கள்தான். அவற்றின் அடியில் ஒதுங்குவது மிக மோசமான யோசனை. முதல் இடிச்சத்தம் கேட்டவுடனே இறங்கத் தொடங்குங்கள். மண்சரிவும் அப்படித்தான். கீழே கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. சித்திரை மழையில் சரிவு குறைவு என்றாலும், பல நாள் விடாமல் பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேசவாரியாக எச்சரிக்கை விடும். நீங்கள் தங்கும் பிரதேசச் செயலகப் பிரிவின் பெயரைத் தெரிந்துவைத்திருந்தால்தான் அந்த அறிவிப்பு உங்களுக்குப் புரியும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இலவச அம்புலன்ஸ் வண்டிக்கு 1990.

போக்குவரத்துக்கு வருவோம். கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் கொழும்புவரை போகத் தேவையில்லை, பொல்கஹவெலவில் மாறலாம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் சிதைந்தது. ஆகையால் டிக்கெட் எடுப்பதற்கு முன், அந்த வாரத்தில் ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள். சாலை வழி என்றால் இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல. பெரகலவிலிருந்து மேலே ஏறும் வளைவுகளில் பிற்பகல் பனியில் முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்குத்தான் வழிகாட்டி. டொரன்டோ நெடுஞ்சாலையில் பனிப்புயலில் ஓட்டியவர் என்ற தைரியம் இங்கே செல்லாது. மூன்று மணிக்கு முன் ஊர் சேரும்படி புறப்படுங்கள், முடிந்தால் உள்ளூர்ச் சாரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிக்கும்போது ஏப்ரல் 13, 14 ஆகிய தேதிகளைச் சுற்றி ஒரு வாரத்தை விட்டுவிடுவது நல்லது. சித்திரைப் புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் பொது என்பதால் கடைத்தெருவே மூடிக்கிடக்கும். சாப்பாட்டுக் கடைகள் திறக்கச் சில நாட்களாகும். அதற்கு முன் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வீடு திரும்புவார்கள், பஸ்ஸில் கால்வைக்க இடம் இருக்காது. அந்த இடம் அவர்களுக்கு உரியது என்றே நான் நினைக்கிறேன். தவிர்க்க முடியாமல் அந்த நாளில்தான் வருகிறீர்கள் என்றால், சாப்பாடு தரும் வீட்டு விடுதியாகப் பாருங்கள், காசை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

உடுப்பு விஷயத்தில் புலம்பெயர்ந்தவர்கள் ஒரே மாதிரி ஏமாறுகிறார்கள். இரவில் பதினைந்து பாகை என்றால் நமக்கு அது கோடைகாலம் அல்லவா என்பார்கள். வெளியே பதினைந்து என்றால் வீட்டுக்குள்ளும் ஏறக்குறைய அதேதான், சூடாக்கி கிடையாது, போர்வையும் ஈரம் குடித்திருக்கும். ஒரு கம்பளிச் சட்டை, காலுறை, பிள்ளைகளுக்குக் காதை மூடும் தொப்பி போதும். ஜீன்ஸ் நனைந்தால் உங்கள் பயணம் முடியும்வரை காயாது. காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், மழைச்சட்டைதான் உதவும். அறை எடுக்கும்போது சுடுதண்ணீர் மின்சாரத்திலா சூரிய ஒளியிலா என்று கேளுங்கள். முதலாவது இடி இடித்தால் நிற்கும், இரண்டாவது பனி மூடினால் நிற்கும். எப்படியானாலும் காலையிலேயே குளித்துவிடுவது உத்தமம்.

ஊரும் அதே கடிகாரத்தில்தான் ஓடுகிறது. விடியுமுன் கோயில் மணி, பாண் விற்கும் ஓட்டோவின் இசை, பிறகு வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு லீக்ஸ், கரட், கோவா, வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு எல்லாம் வந்து குவியும். மதியத்துக்குப் பின் கூட்டம் கரைந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்கு மேல் இறங்கினால் பூட்டிய கதவுகள்தான். நேரத்தோடு போனால் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கிடைக்கும், அதற்கு ஈடு எதுவும் இல்லை.

தோட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பிற்பகலைக் கெடுக்கும் அந்த மழைதான் தேயிலைக் கொழுந்தைத் துளிர்க்க வைக்கிறது. ஆகவே நீங்கள் படம் எடுக்க ஆசைப்படும் நேரமே கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வேலை மிகுந்த நேரம். நாட்கூலி பறித்த கொழுந்தின் நிறையோடு கட்டப்பட்டிருக்கிறது. ஈரக் கொழுந்து என்றால் தண்ணீருக்கென்று சில கிலோவைக் கழித்தும் விடுவார்கள். நீங்கள் நிறுத்திவைத்துப் பேசும் கால்மணி நேரம் அவர்களுடைய கணக்கிலிருந்துதான் போகிறது. கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் குறுக்கே நிற்காதீர்கள். லயத்து வாசலில் நின்று உள்ளே கேமராவை நீட்டுவது, பிள்ளைகளுக்குச் சொக்லட் வாரி இறைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். உதவ மனமிருந்தால் தோட்டப் பாடசாலை அதிபரிடம் என்ன தேவை என்று கேட்டுச் செய்யுங்கள். வயதானவர்களை ஐயா, அம்மா என்று அழையுங்கள். அவர்களிடம் ஒருமையில் பேசும் பழைய யாழ்ப்பாணத்துப் பழக்கத்தை மலையடிவாரத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். 'இந்தியாவில் எந்த ஊர்?' என்றும் கேட்காதீர்கள். மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்ததும், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து நீலகிரிப் பக்கம் அனுப்பியதும் இங்கே பல வீடுகளில் சொந்தக் கதை.

அழைத்தால் திருவிழாவுக்குப் போங்கள். மார்ச் முதல் மே வரை தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் கரகம், காவடி, பால்குடம், தேர் என்று ஒன்று முடிய ஒன்று தொடங்கும். மாசி வளர்பிறையில் வருகிறவர்களுக்குக் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து பார்க்கும் வாய்ப்பும் உண்டு. இரவில் நடக்கும், தப்பு முழங்கும், குளிரும். பகலில் மலைகளில் நடக்கும்போது பாறை இடுக்கிலும் மரத்திலும் குளவிக்கூடு இருக்கிறதா என்று உள்ளூர்க்காரரைக் கேட்டுக்கொண்டு நடங்கள். தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாவது இங்கே அடிக்கடி வரும் செய்தி.

திரும்பும்போது தேயிலை வாங்காமல் யாரும் போவதில்லை. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று காய்ந்து வீசும்போது வருவது. ஏப்ரலில் 'சீசன் தேயிலை' என்று யாராவது ஊவாப் பொதியைக் கூடுதல் விலைக்கு நீட்டினால், அது எப்போது பொதி செய்யப்பட்டது என்று பாருங்கள். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் நல்ல தேயிலை வருவது மறுபக்கம், ஹட்டன், தலவாக்கலைப் பகுதியில். ரயிலில் திரும்புகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள், அங்கே வாங்கிக்கொள்ளலாம்.