வெட்டவெளி வேலையில தோல காப்பாத்தறது எப்படி: துணி, தொப்பி, கடைசியா சன்ஸ்கிரீன்

மலேசியாவுல, பேராக் மாநிலத்து பீடோர் பக்கத்துல ஒரு செம்பனை நர்சரியில வேலை செய்றேன். கன்னு மொத மூணு மாசம் வலைக்கு அடியில இருக்கும், அப்புறம் பெரிய பாலிபேக்குக்கு மாத்தி வெட்டவெளியில அடுக்கிருவாங்க, நாங்க அந்த வெட்டவெளியிலதான் புல்லு புடுங்கறது, உரம் போடறது, தண்ணிக் குழாய் பாக்கறது எல்லாம். கழுத்துப் பின்னால எரிச்சல், கன்னத்துல மங்கு, முழங்கைக்குக் கீழ ஒரு கலரு மேல ஒரு கலரு, இதெல்லாம் வேலைன்னா வர்றதுதான்னு எங்காளுங்க விட்டுடுவாங்க. விட வேண்டியதில்ல. எனக்கு இப்ப கழுத்து எரியறதில்ல, மங்கும் பரவாம நின்னுருக்கு. அதுக்கு என்ன செய்றேன்னு கேட்டுக்கிட்டே இருக்கறதால வரிசையா எழுதிடறேன்.

மொதல்ல, "நம்ம தோலு கறுப்பு, வெயிலு ஒன்னும் செய்யாது"ன்ற பேச்ச ஓரமா வைங்க. கறுப்புத் தோலுக்கு இயற்கையா பாதுகாப்பு இருக்கறது உண்மதான், ஆனா நல்ல கறுப்பான தோலுக்கே அது கிட்டத்தட்ட எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் பாட்டில்ல போடற பாதுகாப்பு நம்பர்) 13 அளவுதான்னு அளந்து பாத்துருக்காங்க, நம்ம மாநிறத்துக்கு அதவிடக் கம்மி. நமக்கு செவந்து உரியாது, அதனாலதான் அடி விழறது தெரியாம போவுது. மங்கு, சுருக்கம், கண்ணு ஓரத்துல சதை வளர்றது, இதெல்லாம் வருசக்கணக்கா வாங்கின வெயிலோட கணக்கு.

இன்னொன்னு, பழைய பழக்கம் இப்ப போதாது. அம்மா காலத்துல ரப்பர். விடியறதுக்கு முன்னாடியே பால் வெட்டப் போயிருவாங்க, குளிர்ச்சியா இருக்கறப்பதான் பால் நல்லா ஓடும், மரத்து நெழலும் இருக்கும், தலையில ஒரு துண்டு கட்டினா போதும். செம்பனை மறுநடவு செஞ்ச எடத்துல மரம் மொதக் குலை தள்ளவே ரெண்டரை வருசம் ஆவும், அது வரைக்கும் நெழல்னு ஒன்னு கெடையவே கெடையாது.

கடியாரத்த நம்பாதீங்க, நெழல பாருங்க

இது யாரும் சொல்லித் தர்றதில்ல, ஆனா நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். புத்தகத்துல எல்லாம் "10 மணியிலேர்ந்து 4 மணி வரைக்கும் வெயில தவிருங்க"ன்னு போட்டிருக்கும். அது சூரியன் 12 மணிக்கு உச்சிக்கு வர்ற ஊருக்கு. 1982 ஜனவரி 1லேர்ந்து தீபகற்பத்துக்கும் சபா சரவாக்குக்கும் ஒரே நேரம் வேணும்னு நம்ம கடியாரத்த அரை மணி நேரம் முன்ன தள்ளி வச்சாங்க, அதுக்கு முன்னாடியே கொஞ்சம் முன்னதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆக பேராக்ல சூரியன் உச்சிக்கு வர்றது பகல் 1 மணிலேர்ந்து 1.30க்குள்ள. அப்போ அந்த 10-லேர்ந்து-4 நமக்கு 11.15-லேர்ந்து-5.15. மத்தியானம் 3 மணிக்கு "வெயில் எறங்கிருச்சு"ன்னு ஓட்டிக்கு (கூடுதல் நேர வேலைக்கு) சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டுப் போறவங்கள நெறைய பாத்துருக்கேன், சூரியனுக்கு அப்பத்தான் மணி ஒன்னே முக்கா.

அதனால நெழல பாருங்க. உங்க நெழல் உங்களவிடக் குட்டையா இருந்தா வெயிலு கடுமை, மூடிக்கணும். மார்ச் கடைசியிலயும் செப்டம்பர் நடுவுலயும் சூரியன் நம்ம தலைக்கு நேர் மேலயே வரும், நெழல் காலுக்கு அடியில போயிரும்.

சூடு வேற, யுவி (கண்ணுக்குத் தெரியாம தோல கெடுக்கற வெயில் கதிர்) வேற. மேகம் மூடி காத்து சிலுசிலுன்னு அடிக்கும், உடம்புக்குச் சுகமா இருக்கும், ஆனா மெல்லிசான மேகத்துல யுவி 80 சதவீதம் வரைக்கும் கூட உள்ள வந்துரும். போன்ல வெதர் பாக்கறப்ப டிகிரிக்குக் கீழ யுவி இன்டெக்ஸ்னு ஒன்னு இருக்கும், அதப் பாருங்க. 3க்கு மேலனா பாதுகாப்பு வேணும், 8க்கு மேல ரொம்பக் கடுமை, 11 தாண்டினா உச்சம். நம்ம ஊருல மத்தியானம் 11 தாண்டறது சாதாரணம்.

துணிதான் மொத மருந்து

சன்ஸ்கிரீன் வாங்க ஓடறதுக்கு முன்னாடி சட்டைய பாருங்க. நெறைய பேரு போடறது ஏதோ விழாவுல குடுத்த வெள்ளை டீசர்ட். மெல்லிசு வெள்ளைப் பருத்திக்கு யுபிஎஃப் (துணி யுவிய எவ்வளவு தடுக்குதுன்ற நம்பர்) வெறும் 5லேர்ந்து 7தான் இருக்கும், வேர்வையில நனைஞ்சா இன்னும் எறங்கிரும். யுபிஎஃப் 50 துணின்னா அம்பதுல ஒரு பங்கு யுவிதான் உள்ள வரும், வித்தியாசத்த நீங்களே பாருங்க.

அட்டைப் போட்டு யுபிஎஃப் எழுதின சட்டைதான் வேணும்னு இல்ல. துணிய வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க, இல்லாட்டி உள்ள போன் லைட்ட அடிச்சுப் பாருங்க, வெளிச்சம் சல்லடையா வந்தா அது வேலைக்கு ஆவாது. நெருக்கமா நெய்ஞ்சது, அடர்த்தியான கலரு, கொஞ்சம் லூசா இருக்கறது, இந்த மூனும்தான் கணக்கு. எனக்குப் புடிச்சது மீன் புடிக்கறவங்க போடற நீளக் கை ஜெர்சி, கழுத்து வரைக்கும் வரும், சீக்கிரம் காயும். பண்டல் கடையில தேடினா மலிவா கெடைக்கும், ஆனா இழுத்து இழுத்துத் தொளதொளன்னு போனத எடுக்காதீங்க, இழுபட்ட துணியில ஓட்டை பெருசாயிரும்.

ஹேண்ட்சாக் (கைக்கு மாட்டற நீள உறை) பசார் மாலாம்லயே, அதாவது ராத்திரிச் சந்தையிலயே கெடைக்கும். வாங்கறப்ப கையில மாட்டி இழுத்துப் பாருங்க, தோலு தெரிஞ்சா வச்சிட்டு வந்துருங்க. கட்டை விரலுக்கு ஓட்டை வச்சு பொறங்கைய மூடறதுதான் நல்லது, பொறங்கைதான் எல்லாரும் மறக்கற எடம். முக்கியமா, மருந்து அடிக்கறப்ப போட்ட ஹேண்ட்சாக்க வெயிலுக்குன்னு மறுநாள் போடவே கூடாது, அத தனியா வைங்க, வீட்டுத் துணியோட சேத்துத் தொவைக்காதீங்க.

தொப்பின்னா கேப் இல்ல. கேப் மூக்குக்கு மட்டும்தான் நெழல் தரும், காது, கழுத்து எல்லாம் வெயில்லயே கெடக்கும். கெபுன் தொப்பி, பின்னால துணி தொங்குமே, அதுக்கு மிஞ்சினது இல்ல. ஓரம் சுத்தியும் ஏழெட்டு சென்டிமீட்டராவது இருக்கணும். குலை வெட்டற அண்ணன்மாரு ஹெல்மெட் போடணும், அதுக்குப் பின்னால மாட்டற கழுத்துத் துணி தனியா விக்கிது, அது கெடைக்கலன்னா ஹெல்மெட்டுக்குள்ள துண்ட மடிச்சு வச்சு ஹெல்மெட் ஆடற மாதிரி பண்ணிராதீங்க, கழுத்துல பஃப் (குழாய் மாதிரி தலை வழியா மாட்டற துணி) மாட்டிக்கலாம். மேல பாத்துக்கிட்டே வேலை செய்றவங்களுக்கு கண்ணாடி கட்டாயம், யுவி400ன்னு போட்டிருக்கணும், கலரு கறுப்பா இருக்கறதால மட்டும் யுவிய தடுக்காது.

சன்ஸ்கிரீன், அதாவது எல்லாரும் மாட்டிக்கற எடம்

இவ்வளவு மூடியும் மிச்சம் இருக்கற மூஞ்சி, காது, கழுத்து, விரலுக்குத்தான் சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30, தோல எரிக்கற யுவிபி கதிர சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98, அதனால நம்பர பாத்து நூறுக்கு ஓடாதீங்க. பிஏக்குப் பக்கத்துல பிளஸ் மூனு இல்ல நாலு இருக்கான்னு பாருங்க, அது யுவிஏன்ற இன்னொரு வகைக் கதிருக்கு, மங்கு உள்ளவங்களுக்கு ரொம்ப வேணும். தண்ணி வேர்வை தாங்கும்னும் எழுதியிருக்கணும்.

அளவுதான் விசயம். அந்த 30, 50 எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம்னு தாராளமா பூசி அளந்தது. நம்மாளுங்க பொட்டு வைக்கிற மாதிரி தொட்டுத் தேச்சா பாட்டில்ல என்ன நம்பர் இருந்தாலும் மூஞ்சியில அது இருக்காது. ஆள்காட்டி விரலு, நடு விரலு, ரெண்டு மேலயும் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்க, அதுதான் மூஞ்சிக்கும் கழுத்துக்கும். ஒரே வாட்டி பூசினா வழுக்கும், பாதி பூசி கொஞ்ச நேரம் விட்டு மீதி பூசுங்க. பெரட்டுக்கு (காலையில பேர் கூப்பிடற எடத்துக்கு) கெளம்பறப்பவே பூசிட்டா வெயில் ஏறறப்ப அது பாதி வேர்வையில போயிருக்கும், அதனால நான் காலையில வீட்டுலேர்ந்து ஒரு வாட்டி, பத்து மணி தேத்தண்ணிக்கு ஒரு வாட்டி, அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி.

இந்த மறுபடி பூசற விசயத்துலதான் பாதிப் பேரு விட்டுட்டுப் போயிடறாங்க, எனக்கும் இதுதான் ரொம்ப நாளா பிடிபடல. கையில மண்ணு, உரம், மூஞ்சியில வேர்வை, அந்த வேர்வையோட பழைய சன்ஸ்கிரீன் வழிஞ்சு கண்ணுக்குள்ள போயி எரியும் பாருங்க, அதுக்கு வெயிலே தேவலன்னு தோணும். அதுக்குச் செய்யறது இதுதான். தொப்பிக்கு உள்ள நெத்தியச் சுத்தி ஒரு துணிப் பட்டை கட்டுங்க, நெத்தி வேர்வை கண்ணுக்கு எறங்காது. நெத்தியிலயும் கண்ணு சுத்தியும் தண்ணி மாதிரி ஊத்தறத பூசாதீங்க, அங்க மட்டும் ஸ்டிக் சன்ஸ்கிரீன், அது மெழுகு மாதிரி கெட்டியா இருக்கறதால அவ்வளவா ஓடாது, கை அழுக்கா இருந்தாலும் விரலு படாம தேய்க்கலாம், ஆனா ஒரே இழுப்புல விட்டுறாம ஒரே எடத்துல நாலு வாட்டி போயிட்டு வாங்க. பூசறதுக்கு முன்னாடி போத்தல் தண்ணியில மூஞ்சிய கழுவி துண்டால ஒத்தி எடுங்க, ஈரத்து மேல பூசினா ஒட்டாது. துண்டால அழுத்தித் தொடைச்சா இருக்கறதும் போயிரும்.

என் விருப்பம்னு கேட்டா, குலுக்கி ஊத்தற பால் மாதிரி இருக்கறதுதான், கிரீம் வகை நம்ம புழுக்கத்துக்கு மூஞ்சியில நெய் வழியற மாதிரி இருக்கும். பியோரே, சன்பிளே ரெண்டும் பார்மசியில சுலபமா கெடைக்குது. ஜிங்க் ஆக்சைடு அதிகமா இருக்கறது நம்ம தோலுல சாம்பல் பூத்த மாதிரி நிக்கும், அது புடிக்கலன்னா நிறம் கலந்தது வாங்குங்க, அதுல இரும்பு ஆக்சைடு இருக்கறதால கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தையும் தடுக்கும், மங்குக்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம். பாட்டில மோட்டார் சீட்டுக்கு அடியில வைக்காதீங்க, சூட்டுல கெட்டுரும்.

தேங்காண்ணெய், மஞ்சள், சந்தனம் எதுவும் சன்ஸ்கிரீனுக்குப் பதிலா ஆவாது. ராத்திரி தோல் காயாம இருக்க எண்ணெய் தேய்ங்க, நல்லது.

கொசு மருந்தும் பூசணும்ல? சன்ஸ்கிரீன் முன்னாடி, அது காய்ஞ்சப்புறம் கொசு மருந்து மேல. டீட்ன்ற கொசு விரட்டி கலந்தது சன்ஸ்கிரீனோட பலத்த மூனுல ஒரு பங்கு கொறைச்சிரும், அதனால அன்னிக்கு துணிய இன்னும் நல்லா மூடிக்கங்க. ரெண்டும் ஒன்னா கலந்து விக்கிறத வாங்காதீங்க, சன்ஸ்கிரீன அடிக்கடி பூசணும், கொசு மருந்த அப்படிப் பூசக் கூடாது.

அப்புறமா சேத்தது

மோட்டார்ல பால், சாப்பாடு கொண்டு போற தம்பிங்க கேட்டாங்க. ஜெக்கெட்ட முன்னால திருப்பிப் போட்டுக்கிட்டு ஓட்டுவோமே, காத்துக்கும் தூசிக்கும் நல்லது, ஆனா கழுத்துப் பின்பக்கம் தெறந்து கெடக்கும். பஃப் மாட்டுங்க, பொறங்கைக்கு கையுறை.

ஒரு அக்கா கேட்டதுக்கு அப்புறம்தான் மருந்து விசயம் எழுதணும்னு தோணுச்சு. எலி மூத்திரக் காய்ச்சலுக்குக் குடுக்கற டாக்ஸிசைக்ளின், ரத்தக் கொதிப்புக்குக் குடுக்கற ஹைட்ரோகுளோரோதையசைடு, ரெண்டுமே வெயில் பட்டா தோல சட்டுன்னு எரிய வைக்கும். மருந்த நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட வெட்டவெளி வேலைன்னு சொல்லுங்க. எலுமிச்சங்கா, லீமாவ் புழிஞ்ச கையோட வெயில்ல போனாலும் கொப்பளிச்சு கறுப்புத் தழும்பு நிக்கும், சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போங்க.

மங்கு போவும்னு பேரு தெரியாத கிரீம் டப்பா விப்பாங்க. பாதரசம் கலந்தது நெறைய மாட்டியிருக்கு, சிறுநீரகத்த கெடுக்கும். டப்பாவுல என்ஓடின்னு தொடங்கி கேன்னு முடியற நம்பர் இருக்கான்னு பாத்து, அத என்பிஆர்ஏ (மருந்து, அழகுப் பொருள கண்காணிக்கற அரசாங்க அமைப்பு) இணையத்தளத்துல போட்டு அதே பேரு வருதான்னு பாருங்க, வரலன்னா மூஞ்சியில வைக்காதீங்க.

குளிக்கறப்ப தோல ஒரு பார்வை பாத்துக்கங்க. ஆறாத புண்ணு, வளர்ற மச்சம், ஓரம் கோணலா கலரு கலரா இருக்கறது, இதெல்லாம் காட்டணும். நம்ம மாதிரி தோலுக்கு மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) வந்தா பெரும்பாலும் உள்ளங்காலு, உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் வரும், அதுக்கு வெயில் காரணம் இல்ல, ஆனா பூட்ஸுக்குள்ளயே இருக்கற காலு யாரு கண்ணுலயும் படறதில்ல. பாடகர் பாப் மார்லி 1981ல 36 வயசுல எறந்தது கால் கட்டை விரல் நகத்துக்கு அடியில வந்த இந்த நோயிலதான். கிளினிக் கெசிஹாத்தான்ல, அதாவது அரசாங்க கிளினிக்குல, குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். போறதுக்கு முன்னாடி அந்த எடத்துப் பக்கத்துல ஒரு 10 காசு வச்சு போன்ல ஒரு படம் எடுத்துக்கங்க. ஆனா அடுத்த மாசம் அதே மாதிரி இன்னொன்னு எடுத்துப் பாத்துக்கலாம்னு காத்திருக்காதீங்க, ஏற்கனவே பழைய படம் இருந்தா கொண்டு போங்க, இல்லாட்டி அன்னிக்கு எடுத்ததோட நேரா போயிருங்க.